பத்து நிமிஷத்து மெட்டு

வில்லியம் ஹென்றி மங்க் என்ற பெயரைச் சொன்னால் நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. ஆனால் அவருடைய மெட்டு ஒன்றை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். 1950களிலிருந்து பல வருஷங்கள், ஜனவரி 29ஆம் தேதி மாலை தில்லி விஜய் சௌக்கில் பாசறை திரும்பும் விழா முடிகிற சமயத்தில், ராணுவ வாத்தியக் குழுக்கள் வாசித்து வந்த 'அபைட் வித் மீ' என்ற பாட்டின் மெட்டுத்தான் அது. காந்திஜிக்கு மிகவும் பிடித்த பாட்டு. 2022இல் அதை எடுத்துவிட்டு, கவி பிரதீப்பின் ஹிந்திப் பாட்டு ஒன்றை வைத்தார்கள்.

"வெள்ளைக்காரன் மெட்டுத்தானே, போனால் என்ன?" என்று கேட்டார் ஒரு நண்பர். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மெட்டைப் போட்டவர் யார், என்ன செய்தார் என்று பார்த்த பிறகு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

பாட்டின் சொற்கள் மங்க்குடையவை அல்ல. இங்கிலாந்தில் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரில் பாதிரியாராக இருந்த ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதியவை. க்ஷயரோகத்தால் நலிந்திருந்த அவர் 1847இல் நீஸ் நகரில் காலமானார். சொற்களுக்கு அவரே ஒரு மெட்டும் போட்டிருந்தார். அது நிலைக்கவில்லை.

மங்க் 1823இல் லண்டனில் பிறந்தார். வாழ்க்கை முழுவதும் கோயில் ஆர்கன் வாசித்தார். 1852இல் ஸ்டோக் நியூயிங்டன் செயின்ட் மத்தையாஸ் கோயிலுக்குப் போனவர், 1889இல் சாகும் வரை 37 வருஷம் அங்கேயே இருந்தார். இதில் நாவலாசிரியனுக்கு அகப்படும் சம்பவம் ஒன்றுமில்லை. ஆர்கன்காரருக்குச் சபையில் முகம்கூடக் கிடையாது, அநேகமாக முதுகுதான். சங்கீதப் பயிற்சியே இல்லாத கடைக்காரர்களையும் வேலைக்காரப் பெண்களையும் கிழவர்களையும் ஒரே குரலாக்கி இழுத்துக்கொண்டு போவது அவர் வேலை. எந்த இடத்தில் ஜனங்களுக்கு மூச்சு முட்டும், எந்தச் சுரத்தில் குரல் பிசகும் என்பது அவர் தினப்படி கற்ற பாடம்.

1861இல் வெளிவந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' என்ற ஞானப்பாட்டுத் தொகுதிக்கு அவர்தான் சங்கீத ஆசிரியர். அதில்தான் இந்த மெட்டு முதலில் அச்சாயிற்று. அது பிறந்ததைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. குழுவின் கூட்டம் முடிகிற சமயம், லைட்டின் பாட்டுக்குத் தக்க மெட்டு இல்லை என்று தெரிந்ததாம். மங்க் உட்கார்ந்து 10 நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாராம். இது ஒன்று. பெரும் துக்கத்தில் இருந்த காலத்தில், மனைவியுடன் சூரியாஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு எழுதினார் என்பது மற்றது. பின்னதை மனைவியே சொன்னதாகச் சொல்கிறார்கள்.

கதை எழுதுகிறவனான எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் துக்கம் எல்லோருக்கும் வருகிறது. மெட்டு எல்லோருக்கும் வருவதில்லை. மெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு அது சங்கராபரணத்தின் சுரங்கள். காந்தாரத்தில் இரண்டு தரம் நின்று, ரிஷபம் வழியாக ஷட்ஜத்துக்கு இறங்கி, பஞ்சமத்துக்கு ஒரு தாவல். பிறகு தைவதத்தைத் தொட்டுவிட்டு நிதானமாகக் காந்தாரத்துக்கே திரும்புகிறது. முழு ஸ்தாயியைக்கூட அது தொடுவதில்லை. ஒவ்வோர் அடியும் நீண்ட சுரத்தில் தொடங்கி நீண்ட சுரத்தில் முடிகிறது. கிழவருக்கும் மூச்சு வாங்க இடம் இருக்கிறது. இரண்டாம் அடியின் முடிவில் மட்டும், இருள் கவிகிறது என்று துணையை வேண்டும் இடத்தில், மத்யமம் சற்று உயர்ந்து பிரதி மத்யமமாகிப் பஞ்சமத்தைப் போய்ப் பிடிக்கிறது. மூன்றாம் அடி முதல் அடியைப் போலவே கிளம்பி, காந்தாரத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கு இறங்கி நின்றுவிடுகிறது. நான்காவது ஷட்ஜத்தில் வந்து அமர்கிறது. வித்தை இவ்வளவுதான்.

10 நிமிஷக் கதை உண்மையானால், அந்தப் 10 நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனையோ வருஷங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்த பழக்கம் இருக்கிறது. மங்க்கை மகா மேதை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இயற்றிய மற்றவை இதற்கு ஈடாகா. ஆனால் தன் திறமையைக் காட்டிக்கொள்ள ஒரு சுரம்கூடச் சேர்க்காமல், பாடுகிறவனுக்கே மெட்டை விட்டுக்கொடுத்த கலைஞர் அவர். அதனால்தான் 1927 முதல் எஃப். ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முன் கூடும் ஜனத்திரள் அதைப் பாட முடிந்தது. பாமாலைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்க் கோயில்களில் தமிழிலும் பாட முடிகிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான். விழாவில் எதை வாசிப்பது என்பதை அரசாங்கம் தீர்மானிக்கட்டும். அது அவர்கள் பொறுப்பு. ஆனால் மெட்டு வெள்ளைக்காரனுடையது என்று சொல்லித் தள்ளினால் கணக்குச் சரியில்லை. சாம்ராஜ்யத்துக்காக எழுதியது அல்ல அது. பாடத் தெரியாதவர்கள் சாயங்கால வேளையில் சேர்ந்து பாடுவதற்காக, ஓர் ஆர்கன்காரர் எழுதிக் கொடுத்தது.