காலி நாற்காலி

நாடக சிகிச்சையாளரின் கருவிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஒரு காலி நாற்காலி. மொரேனோ தொடங்கிவைத்த உளநாடக மரபில் வந்தது. இறந்தவர் அதில் இருப்பதாக வைத்துக்கொண்டு, மிஞ்சியவர் எதிரே அமர்ந்து பேசுவார். பிறகு எழுந்துபோய் அதே நாற்காலியில் உட்கார்ந்து, போனவராகவே பதில் சொல்வார். கேட்கக் கிடைக்காமல் போன ஒரு சொல்லைத் தன் வாயாலேயே கேட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்! முடிவில் தன் பெயரைத் தானே சொல்லி வேடத்தைக் கழற்றவேண்டும். அங்கே அவசரமே கூடாது.

எங்கள் விருதுநகர்ச் சீமைக்கு இது அந்நியமில்லை. ஒப்பாரியில் பெண்கள் இறந்தவரை முன்னால் நிறுத்தித்தான் கேள்வி கேட்கிறார்கள். பதில்தான் வராது. அப்படிப் பதில் வராத கேள்விகளைப் பட்டாசு வேலையும் எங்களுக்கு விட்டுச்சென்றிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தது. அப்படிப்பட்ட நாளைக் கண்டவர்களுக்கு, உடம்பைத் தூக்கிப்போடும் அந்த வெடிச்சத்தமேதான் மறுநாள் பட்டாசு வேலையில் கூலியும்.

இத்தகைய துயரம் அரங்குக்கு வந்ததும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்து மனக்காயங்களைக் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ நாடகத்தில் மேடையேற்றினார். க. சிதம்பரநாதன் அரங்கையே மனம் ஆறும் வழியாக வளர்த்தார். கவுன்சலிங்கை அங்கே ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறார்கள். பாணருக்கு வழிகாட்டிய பழைய சொல், துயரத்துக்கும் வழி சொல்கிறது.

நாற்காலிக்கு இங்கே பஞ்சமில்லை. திருத்தங்கலிலும் சாத்தூரிலும் பந்தல்காரர் வீட்டில் அடுக்கடுக்காக இருக்கிறது. எதிரே பொறுமையாக உட்காரப் பயின்ற ஆள்தான் வேண்டும்.