பயிற்சியும் படியெடுப்பும்: ஈழத்துச் சிறுகதை பற்றி ஒரு குறிப்பு

சிறுகதை எழுத முனைவோர் சிறந்த சமகால எழுத்தாளரைப் பயிலவேண்டும் என்பது பழகிப்போன அறிவுரை. யாரைப் பயில்வது என்பதிலும் எதனைப் பயில்வது என்பதே முதன்மையான வினாவாக எமக்குத் தோன்றுகின்றது.

ஏழாலையைச் சேர்ந்த இலங்கையர்கோன், தமிழகத்தில் 'மணிக்கொடி' வெளிவந்த 1930களில் எழுதத் தொடங்கியவர். துர்கனேவின் 'முதற்காத'லைத் தமிழாக்கியவர். எனினும், அவரது 'வெள்ளிப் பாதசரம்' வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் செல்லும் இளந் தம்பதியரின் கதையே. உருவம் இரவலாகலாம், வாழ்க்கை இரவலாகாது. 1950களில் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அவ்வுருவத்தினுள் ஒடுக்கப்பட்ட சாதியினரின் வாழ்வைக் கொணர்ந்தனர்.

கீரிமலையைக் களமாக்க விரும்பும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். கடலோரக் கேணியின் நன்னீரும் நகுலேஸ்வரமும் ஆடி அமாவாசைக் கூட்டமும் எவர் கண்ணிலும் படுவன. ஆயின் அருகே மாவிட்டபுரத்தில் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. 1990இன் பின்னர் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரிழந்து நெடுங்காலம் அலைந்தனர். கேணியில் இறங்கும் உரிமை யாருக்கு இருந்தது, ஊர் திரும்பியோர் எதனைக் கண்டனர் என்று வினவாத கதை, புதுமைப்பித்தனின் எள்ளலைக் கடன்பெற்றாலும் வெறும் வருணனையே.

உள்ளடக்கத்தை வலியுறுத்தும் வேகத்தில், உருவப் பயிற்சியை விமர்சகராகிய நாமும் குறைத்து மதித்ததுண்டு. அதுவும் தவறே. சொற்செட்டும் கட்டுக்கோப்பும் கற்றே பெறப்படுவன. ஆயினும் ஆசானின் நடையைப் படியெடுப்பவர் அவரது நிழலாகவே நின்றுவிடுவர்; அவர் தம் சமூகத்தை நோக்கி எழுப்பிய வினாவைத் தமது சமூகத்தை நோக்கி எழுப்புபவரே அவரது மாணாக்கர்.