நம்பிக்கையும் சட்டமும்

ஒரே பாலினத்தார் இருவர் திருமணம் செய்துகொள்ள அரசியலமைப்பில் இடமளிப்பதா என்பது குறித்து அயர்லாந்து மக்கள் 2015 மே 22 அன்று வாக்களித்தனர். அதற்குச் சில நாட்கள் முன்னர், அன்றைய டப்ளின் பேராயர் டியர்மிட் மார்ட்டின் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் எழுதிய கட்டுரை பொதுநிலையினர் ஊன்றிப் படிக்கத்தக்கது. தம் சமயக் கருத்தைப் பிறர்மீது திணிக்கத் தமக்கு விருப்பமில்லை என்றும், ஆயினும் சமூக அறநெறியின் மொழியில் அதை எடுத்துரைக்கும் உரிமை தமக்குண்டு என்றும் அவர் எழுதினார்.

இந்தப் பண்பட்ட தொனியே கட்டுரையின் சிறப்பு. ஆயினும், நியாயத்தின் மொழியில் பேசப் புகுந்தவர் நியாயத்தின் அளவுகோலுக்கும் உட்படவேண்டும். ஆண்-பெண் இணைவின் மேன்மையைப் பேராயர் போற்றுகிறார். நாமும் போற்றுகிறோம். ஆனால் ஒன்றைப் போற்றுவதால், மற்றொன்றைச் சட்டம் மறுக்கவேண்டும் என்றாகிவிடுமா?

மனிதச் சட்டம் தீமைகள் அனைத்தையும் தடைசெய்ய வேண்டுமா என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே வினவிய புனித தோமா அக்குவினாஸ், வேண்டியதில்லை என்றே விடையளித்தார். சட்டம் நிறைவடையாத பெரும்பான்மை மக்களுக்காக இயற்றப்படுவது. ஆதலால் கொலை, களவு போன்று பிறருக்குக் கேடு விளைவிப்பவற்றையே அது முதன்மையாக விலக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

அயர்லாந்தின் வரலாறும் இதை எண்ணிப் பார்க்கச் செய்கிறது. 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மணமுறிவைத் தடைசெய்தது. 1995-ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பில் மிகச் சிறிய வேறுபாட்டில் அத்தடை நீங்கியது. அதனால் திருமணம் முறிக்கவியலாதது என்னும் திருச்சபையின் போதனை மாறிவிடவில்லை. 2015-இல் வாக்களித்தோரில் 62 விழுக்காட்டினர் மாற்றத்தை ஆதரித்தனர். அதையொட்டி வந்த சட்டமும், ஒரே பாலினத்தார் திருமணத்தை நடத்திவைக்குமாறு எந்தக் குருவையும் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டமும் ஓர் ஆசான். அது மாறினால் மக்கள் மனமும் மாறும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும், அயலாரைத் தடுத்தால்தான் நம் இல்லங்களில் திருமணத்தின் புனிதம் நிலைக்கும் என்றால், குறை நம் மறைக்கல்வியில் இருக்கிறது.

திணிக்க விருப்பமில்லை என்ற பேராயரின் சொல்லை முழுப் பொருளில் ஏற்போர், சட்டத்தின் தடையைக் கோருமுன், பிறருக்கு விளையும் தீங்கு இன்னதென்று எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவர்கள்.