கீர்த்தனை, பறை, கீபோர்டு

திண்டுக்கல் வட்டாரத்து சிஎஸ்ஐ கோயில்களில் கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கச்சேரி இலக்கணம் பிசகாது. அமெரிக்க மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்து, அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் காலூன்றியது. மேல்நாட்டு மெட்டுக்குள் தமிழை நெருக்கிப் பாடிய ஞானப்பாட்டு ஜனங்களுக்கு ஒட்டவில்லை. மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாடிப்போய், 1853-ல் ஒரு தொகுப்பை அச்சேற்றினார். எழுத்தறியாதவரும் இரண்டு தடவை கேட்டால் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம். பலருக்கு வேதாகமம் கைக்கு வருமுன்பே வாய்க்கு வந்துவிட்டது. சுவிசேஷ மிஷன்கள் இங்கே செய்த உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அது யார் வீட்டுத் தமிழ்? சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் ஆதரித்த புலவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதைக் கண்டித்த மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதியதும் அவர்தான். மதுரை மிஷனோ 1847-ல் உபதேசியார் அனைவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டே தீரவேண்டும் என்று கண்டிப்புக் காட்டியது. மறுத்தவர்களுக்கு வேலை போயிற்று. பந்தியில் அவ்வளவு கறார் காட்டிய மிஷன், ஆறு வருஷம் கழித்துப் பாட்டு விஷயத்தில் எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கும் பக்திமான்களின் கவலை, 'இது சாமி பாட்டு மெட்டாச்சே' என்பதோடு நின்றுவிடுகிறது. ராகத்துக்கு மதம் பார்த்தவர்கள் சாதி பார்க்கவில்லை.

பார்த்தவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 'பரட்டை' என்றால் இன்னும் பலருக்குத் தெரியும். கர்நாடகச் சாயல் மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் ருசி என்று வாதாடி, ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். எல்லாருக்கும் ஒரே உலை கொதிக்க வேண்டும் என்பது அவருடைய இறையியலின் மையம். இவ்வளவு நேர்மையான சிந்தனை தமிழ்ச் சபைகளில் அபூர்வம். இடித்தது பறையில்தான். சாவு வீட்டில் அடித்தே ஆகவேண்டும் என்று விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர், அந்தச் சத்தம் கோயிலிலுமா என்று முகம் சுளித்தார்கள். அவமானத்தை எப்போது பெருமையாக எடுத்துக்கொள்வது என்பதைக் கல்லூரி வகுப்பறை அவர்களுக்காக முடிவு செய்ய முடியாது.

அந்த இடைவெளியில்தான் கீபோர்டு நுழைந்தது. தகரக் கொட்டகைப் பெந்தெகொஸ்தே சபையில் பாடிய பாட்டை அடுத்த மாதமே சிஎஸ்ஐ வாலிபர் கூட்டமும் பாடுகிறது. கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியேறிய பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' எல்லாச் சபைகளிலும் புழங்குகின்றன. இதை மேல்நாட்டு மோகம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். கீபோர்டுக்கு ஊர்த்தெரு, சேரித்தெரு ஞாபகம் கிடையாது. தாளம் பழகாதவரும் கைதட்டலாம். களைவெட்டிவிட்டு வந்த பெண் எழுந்து நின்று சாட்சி சொல்லலாம். கீர்த்தனைக் காலத்துக் கோயிலில் அவருக்கு அந்த முறை வந்திருக்காது.

குறை பாட்டுக்குள் இருக்கிறது. என் வியாதி, என் கடன், என் கண்ணீர், என் ஆசீர்வாதம் என்றே பெரும்பாலும் ஓடுகிறது. ஊர், கூலி, சுடுகாடு எதுவும் உள்ளே வருவதில்லை. சாதியை நினைவூட்டாத இசை, சாதியைப் பற்றிப் பேசாதிருக்கவும் வசதியாகிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நின்று கையுயர்த்திப் பாடியவர்கள் கிறிஸ்தவப் பத்திரிகையில் கொடுக்கும் வரன் விளம்பரத்தைப் பாருங்கள்: 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகள் தேவை' என்று தொடங்கும். அடுத்த வரியில் சாதி இருக்கும்.