மேற்கோள் காத்ததும் மறைத்ததும்: வளையாபதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நல்லுரைகளைத் தேர்ந்தெடுத்துப் பிறரோடு பகிர்ந்துகொள்வது தமிழ்ப் புலமை மரபில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். உரையாசிரியர்களின் மேற்கோளாட்சியும் திரட்டு நூல்களும் அதற்குச் சான்றாகின்றன. மறைந்துபோன நூல்கள் பலவற்றின் பகுதிகள் இவ்வழியாகவே கிடைத்துள்ளன. ஆயினும் எந்த நோக்கத்திற்காக ஒரு செய்யுள் எடுக்கப்பட்டதோ அந்த நோக்கமே பின்னாளில் மூலநூலின் இயல்பாகக் கொள்ளப்படும் நிலை நேர்ந்துள்ளது. இதனை வளையாபதியின் எஞ்சிய செய்யுள்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள், திரட்டு, புறத்திரட்டு, வளையாபதி, பாண்டிக்கோவை, கூற்று

முன்னுரை

கட்டுரையாளர் பயிலும் துறையின் வாயிலில் ஒரு கரும்பலகை உள்ளது. நாள்தோறும் ஒரு நல்லுரையை அதில் எழுதிவைக்கும் பொறுப்பு ஆய்வாளர் ஒருவருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும். கட்டுரையாளரின் முறை வந்தபோது, இளமையும் செல்வமும் நில்லா என்று கூறும் வளையாபதிச் செய்யுள் ஒன்றை ஒருநாள் எழுதிவைக்க நேர்ந்தது. அதனைப் படித்த இளங்கலை முதலாமாண்டு மாணவர் ஒருவர், “இதை யார் யாரிடம் சொல்கிறார்கள், அக்கா?” என்று வினவினார். காப்பியச் செய்யுள் குறித்து எழக்கூடிய மிக இயல்பான வினா அது. அதற்கு விடை கூற இயலவில்லை. அன்று விடை கூற இயலாமைக்குக் காரணம் கட்டுரையாளரின் அறியாமை மட்டுமன்று. அச்செய்யுள் நம்மை வந்தடைந்த வழியும் ஒரு காரணம். அவ்வழியைப் பற்றியதே இக்கட்டுரை.

திரட்டின் கொடை

பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் புறத்திரட்டைத் தொகுத்தவர் யாரெனத் தெரியவில்லை. ஏறத்தாழ 1570 செய்யுள்களைப் பல நூல்களிலிருந்து எடுத்து, திருக்குறளின் பால், அதிகாரப் பகுப்பைத் தழுவிய ஒழுங்கில் அவர் அடுக்கினார். நீதித்திரட்டு என்னும் பெயரும் இதற்கு உண்டு. 1930களின் பிற்பகுதியில் எஸ். வையாபுரிப்பிள்ளை இதனைப் பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைக்கும் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள் இத்திரட்டால் காக்கப்பட்டவை. டி.கே. சிதம்பரநாத முதலியார் மேடைதோறும் சுவைத்துக் காட்டிய முத்தொள்ளாயிரம் இதுவே. தகடூர் யாத்திரை, குண்டலகேசி, வளையாபதி ஆகியவற்றின் எஞ்சிய பகுதிகளுக்கும் நாம் பெரிதும் இத்திரட்டுக்கே கடன்பட்டிருக்கிறோம். செய்யுளைச் சிதைக்காமல் முழுமையாகவும் மூலநூலின் பெயரோடும் தந்தமை தொகுப்பாளரின் பெருமை. பெயர் தெரியாத அப்புலவர் அடிக்குறிப்பு நெறி எதனையும் அறியார். ஆயினும் இன்றைய ஆய்வேடுகள் சிலவற்றைவிட அவர் நேர்மையாக நடந்துகொண்டார் என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

வளையாபதியின் நிலை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் வளையாபதியில் இன்று கிடைப்பவை எழுபத்திரண்டு செய்யுள்கள். அவற்றுள் 66 புறத்திரட்டில் உள்ளவை. ஏனையவை உரைகளின் வழியாகக் கிடைத்தவை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை வாழ்ந்த காலத்தில் திருவாவடுதுறை ஆதீனப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டைக் கண்டதாகவும், பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தவரின் கண்ணில் ஒருமுறை பட்டு மறைந்த ஏடு அது. முழுநூல் கைநழுவிப் போயிற்று. திரட்டாசிரியர் கிள்ளியெடுத்தவை மட்டும் எஞ்சின.

விளைவு யாது? கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, யாக்கை நிலையாமை முதலியவற்றைப் பேசும் அறநூல் என்றே வளையாபதி வகுப்பறைகளில் அறிமுகமாகிறது. அதன் ஆசிரியர் சமண அறங்களை வலியுறுத்தும் நோக்கினர் என்ற கூற்றும் உடன்வரும். இரண்டாவது கூற்றுக்கு இடமுண்டு. முதற்கூற்றோ வளையாபதியைப் பற்றியதன்று; புறத்திரட்டைப் பற்றியது. நீதியைத் தேடிச் சென்ற ஒருவரின் கைக்கு அகப்பட்டவை நீதிச் செய்யுள்களாக இருப்பதில் வியப்பில்லை. அவர் விட்டுச்சென்ற நாடு நகர் வருணனையும் மணவினையும் ஊடலும் பிரிவும் எவ்வளவு என்பதை அறிய நமக்கு வழியில்லை.

கிடைத்துள்ள காப்பியங்களை வைத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். கம்பராமாயணம் மறைந்து, மந்தரை கைகேயியிடம் கூறும் பொதுவுரைகள் மட்டும் ஒரு திரட்டில் எஞ்சியிருந்தால், அவை உலகியல் உணர்ந்த சான்றோர் வாக்காகவே நமக்குத் தோன்றும். மணிமேகலையில் உதயகுமரனின் வேட்கையைத் தூண்டச் சித்திராபதி எடுத்துரைக்கும் கணிகையர் குலமுறை மட்டும் கிடைத்திருந்தால், அதனைச் சாத்தனாரின் கொள்கை என்று எழுதத் துணிந்திருப்போம். காப்பியத்தில் வரும் பொதுவுரை யாரோ ஒரு மாந்தரின் தேவைக்குப் பேசப்படுவது. பேசுபவர் நல்லவராகவோ பேசப்படும் தருணம் தக்கதாகவோ இருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

முன்னிலை ஏவல் தரும் தடயம்

வளையாபதியின் எஞ்சிய செய்யுள்களுள் பெண்டிர் மனத்தைப் பழிப்பன சில உள்ளன. பழகிய நீரை விட்டுப் புதுவெள்ளத்தை விரும்பும் மீனோடு மகளிர் உள்ளத்தை ஒப்பிடும் செய்யுள் அவற்றுள் ஒன்று. இச்செய்யுளைக் காப்பியப் புலவரின் பெண் பற்றிய கருத்தாக எடுத்துக்காட்டும் போக்கு உண்டு. கண்டிக்கும் நோக்கில் காட்டுவோரும் அதனைப் புலவர் கூற்றாகவே கொள்கின்றனர்.

அச்செய்யுளின் இறுதி கருதத்தக்கது. அது ‘நீ இதனை அறிந்துகொள்’ என்னும் பொருளில் முன்னிலை ஒருமை ஏவலாக முடிகிறது. ஆகவே அங்கே கேட்பவர் ஒருவர் இருக்கிறார். பேசுபவரும் ஒருவர் இருந்தாக வேண்டும். அது புலவர் உலகை நோக்கி மொழிந்த பொது நீதியாக இருப்பதைவிட, ஒரு காட்சியில் ஒருவர் மற்றொருவருக்குக் கூறியதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அது அறிவுரையா, எச்சரிக்கையா, தன் செயலுக்குக் கற்பித்துக்கொண்ட நியாயமா என்பது தெரியவில்லை. பெண்டிரைக் காத்தல் அரிது எனக் கூறும் மற்றொரு செய்யுளோ, அதனைக் கற்றறிந்தோர் கண்டு மொழிந்ததாக முடிக்கிறது. அதாவது அங்குப் பேசுபவரே ஒரு மேற்கோளைத்தான் ஆள்கிறார். மேற்கோளுக்குள் இருந்த மேற்கோள் நம் கையில் எஞ்சியிருக்க, அதனை எடுத்தாண்டவர் மறைந்துவிட்டார்.

வளையாபதியின் கதை என வைசிய புராணத்திலுள்ள வணிகன் கதை ஒன்று சுட்டப்படுவதுண்டு. தன் குலத்தார் எதிர்ப்புக்கு அஞ்சி, வேற்றுக் குலத்துப் பெண்ணாகிய கருவுற்ற மனைவியை வணிகன் கைவிடுகிறான். பிறந்த மகன் வளர்ந்து தந்தையைத் தேடி வருகிறான். வணிகர் அவை ஏற்க மறுக்க, காளி சான்றுரைக்கிறாள். இதுவே வளையாபதியின் கதை என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. எனவே இதன்மேல் முடிபு எதனையும் கட்டியெழுப்ப முடியாது. ஆயினும் ஒரு பேச்சுக்கு இதனை ஏற்றுக்கொண்டால், பெண்ணைப் பழிக்கும் அச்செய்யுள்கள் அவளைக் கைவிடத் தூண்டிய சுற்றத்தாரின் வாயிலோ, கைவிட்டவனின் வாயிலோ வந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் காப்பியத்தின் தீர்ப்பு அவர்களுக்கு எதிரானது. நாம் நூலாசிரியர் மேல் ஏற்றும் பழியை அந்நூலே மறுத்திருக்கலாம். இது ஊகமே. ஆனால் அச்செய்யுளைப் புலவர் கூற்றாகக் கொள்வதும் அதே அளவுக்கு ஊகம் என்பதை ஆய்வுலகம் நினைவிற்கொள்வதில்லை.

ஒழுங்கைக் காத்த மேற்கோள்

எல்லா மேற்கோளாட்சியும் இவ்வாறு சூழலைத் துறப்பதன்று. இறையனார் களவியல் உரை பாண்டிக்கோவையிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களைக் காட்டுகிறது. இன்று நமக்குக் கிடைக்கும் பாண்டிக்கோவை பெரிதும் அவ்வுரையிலிருந்து மீட்கப்பட்டதே. ஆனால் அதனைப் படிப்பவருக்கு யார் கூற்று, எந்நிலையில் எழுந்தது என்னும் ஐயம் பெரும்பாலும் எழுவதில்லை. களவில் தொடங்கிக் கற்பில் முடியும் இலக்கண நிரலும் கோவையின் நிரலும் ஒன்றே ஆகையால், துறையை விளக்க எடுத்த செய்யுள் தன் துறையோடும் கூற்றோடும் வந்து சேர்ந்தது. தகடூர் யாத்திரைச் செய்யுள்கள் சிலவற்றை நச்சினார்க்கினியர் புறத்திணையியல் உரையில் ஆளும்போது சூழலைச் சுட்டிச்செல்வதும் இத்தகையதே. எதற்காக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே எது உடன் வரும் என்பது அமைகிறது.

இன்றைய வழக்கு

புறநானூற்று 192ஆம் பாடலின் முதலடியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். உ.வே.சா. 1894இல் பதிப்பித்த நூலிலிருந்து உலக மேடை வரை சென்ற அடி அது. 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அப்துல் கலாமும், 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நரேந்திர மோடியும் அதனை எடுத்துரைத்தனர். புலவர் பெயர் சுட்டப்பட்டது, அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இங்கு முழுநூலும் கையில் இருந்தும் பாடல் ஓரடியாகச் சுருங்கிவிட்டது.

பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அமைந்த இப்பாடல் பதின்மூன்று அடிகளால் ஆனது. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல, சாதல் புதிதன்று என்று அடுக்கிச் சென்று, ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம்போல் உயிர் முறைவழிப்படும் என்னும் காட்சியை நிறுவி, அதனை ஏதுவாகக் கொண்டு இறுதி முடிபுக்கு வருகிறது. பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அம்முடிபு. தொடரமைப்பிலும் பாடலின் கருத்து அங்கேதான் சென்று நிற்கிறது. முதலடியை மேடையில் சொல்வதற்குச் செலவேதும் இல்லை. பெரியோரை வியவோம் என்னும் ஈற்றயலடியைப் பொன்னாடைக்கும் மாலைக்கும் நடுவே நின்று சொல்வது எளிதன்று. எது பகிரப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதில் இவ்வசதிக்கும் பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. புறநானூற்றுப் பாடல்கள் பலவற்றுக்கு யாரை யார் பாடியது என்னும் குறிப்பு உண்டு. இப்பாடலுக்குப் பாட்டுடைத் தலைவன் இல்லை. எளிதில் பெயர்த்தெடுக்கப்பட அதுவும் ஒரு காரணமாகலாம்.

192ஆம் பாடலின் எஞ்சிய அடிகளைத் தேடிப் படிக்க நமக்கு நூல் இருக்கிறது. வளையாபதிக்கு அவ்வாய்ப்பு இல்லை. எஞ்சிய செய்யுள்களுக்குள்ளேயே தேட வேண்டும். விளி, முன்னிலை வினை, சுட்டு, பிறர்கூற்றை மேற்கொள்ளும் முடிபு ஆகியவை பயிலும் இடங்களைத் தொகுத்து, உரையாடற் பகுதியாக இருக்கத்தக்கவற்றை ஏனையவற்றினின்று பிரிக்கும் பணி கட்டுரையாளரின் ஆய்வேட்டில் நடைபெற்று வருகிறது. வினவிய மாணவர் இப்போது மூன்றாமாண்டில் பயில்கிறார். அச்செய்யுளைப் பலகையில் மீண்டும் எழுதியபோது நூற்பெயருக்குக் கீழே, ‘கூற்று: தெரியவில்லை’ என ஒரு வரி சேர்க்கப்பட்டது.