ரத்தம் மெலிவதில்லை: ஒரு மாத்திரையின் தப்பான பெயர் பற்றி

போன மாசம் கல்லிடைக்குறிச்சியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு 68 வயசு. ரெண்டு வருஷம் முன்னால் அடைப்பினால் லேசான பக்கவாதம் வந்து, கை கால் ஏறக்குறைய பழையபடி திரும்பிவிட்டது. அதிலிருந்து தினமும் ஒரு ஆஸ்பிரின், 75 மில்லிகிராம். பேச்சுவாக்கில் சொன்னார்: "மருமவனே, ஒம்போது நாளா அந்த மாத்திரைய நிப்பாட்டிட்டேன். கடவாப்பல்லு புடுங்கணும். ரத்தம் தண்ணியா கெடந்தா நிக்காதுல்லா?"

பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்டேன். அவரிடம் இன்னும் போகவே இல்லையாம். பக்கவாதத்துக்குப் பார்த்த டாக்டரிடம் கேட்டீர்களா? அதுவும் இல்லை. "புஸ்தகத்துல போட்டிருந்தான்" என்று ஒரு வார இணைப்பை எடுத்துக் காட்டினார். வாங்கி முழுசாகப் படித்தேன். பல் பிடுங்க மாத்திரையை நிறுத்து என்று அதில் ஒரு வரி கூட இல்லை. ஆனால் 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று நாலைந்து இடத்தில் இருந்தது. மிச்சத்தை மாமாவே யோசித்துக்கொண்டார்.

அவர் யோசித்த விதத்தில் தப்பு இல்லை. ரத்தம் மெலிந்திருந்தால் பல் பிடுங்கிய இடத்தில் நிற்காமல் ஓடத்தானே செய்யும்? தப்பு பெயரில் இருக்கிறது. நான் மருத்துவன் இல்லை, மென்பொருள்காரன். எங்கள் தொழிலில் ஒரு ஃபங்ஷனுக்குத் தப்பான பெயர் வைத்தால், உள்ளே கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அடுத்து வருகிறவன் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துவான். ஊருக்கு வந்த பிறகு, கையில் கிடைத்த தமிழ் மருத்துவக் கட்டுரைகளையும் காணொளிகளையும் இந்த ஒரு சொல்லுக்காகவே பார்த்தேன். ஆங்கிலப் பேச்சுவழக்கில் உள்ள 'பிளட் தின்னர்' என்பதை அப்படியே தமிழாக்கி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலேயே அது தப்பான பெயர்தான்.

ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ ரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. அவை வேலை செய்வது பிளேட்லெட்டுகளின் மேல். ரத்தக்குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்பு ஒரு இடத்தில் கிழிந்தால், அதைக் காயம் என்று நினைத்து பிளேட்லெட்டுகள் வந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. மூளைக்குப் போகும் குழாய் அப்படி அடைபட்டால் பக்கவாதம். பிளேட்லெட்டுக்குள் இருக்கும் காக்ஸ்-1 என்ற நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. 'வந்து ஒட்டு' என்று அது மற்றவற்றுக்கு அனுப்பும் சைகை குறைகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது என்பதால் புது நொதி செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை முடங்கியேதான் கிடக்கும். எலும்பு மஜ்ஜை தினமும் புதுசு அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் தினமும் ஒரு மாத்திரை.

இப்போது மாமாவின் ஒன்பது நாளைப் பாருங்கள். பழைய பிளேட்லெட்டுகளில் பெரும்பகுதி போய், மருந்து தொடாத புதுசு வந்தாயிற்று. பாதுகாப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் ஆகாததால் அடுத்த முறையும் நிறுத்துவார். ஸ்வீடனில் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்த ஆறு லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. பெரிய அறுவை சிகிச்சையோ ரத்தப்போக்கோ இல்லாமல் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்தவர்களை விட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் அதிகம். இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண் இல்லை.

இந்தப் பெயரின் இரண்டாவது கெடுதல், இரண்டு வேறு மருந்து வகைகளை ஒரே பைக்குள் போடுவது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை பிளேட்லெட்டைத் தொடுவதில்லை, ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் குறைக்கின்றன. இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்து பக்கவாத ஆபத்து வந்தவர்களுக்கு உறைவு தடுக்கும் வகைதான் வேண்டும், ஆஸ்பிரின் அந்த இடத்தை நிரப்பாது. வார்ஃபரின் எடுப்பவர் ஐஎன்ஆர் பரிசோதனை செய்ய வேண்டும், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆஸ்பிரினுக்கு இது எதுவும் கிடையாது. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் எங்கள் அத்தை ரெண்டு வருஷமாக வீட்டில் முருங்கைக்கீரை ஆயவில்லை. மாமாவுக்கு ஆகாதாம்.

மூன்றாவது, பக்கவாதமே வராதவர்கள் "ரத்தம் கெட்டியாயிரக் கூடாதுல்லா" என்று தாங்களாகவே ஆரம்பிப்பது. ஆஸ்பிரீ என்ற ஆய்வு 2018-இல் வெளியானது. பெரும்பாலும் 70 வயசு தாண்டிய, இதயநோய் இல்லாத 19,114 பேர். ஆஸ்பிரின் கொடுத்ததில் இதயநோய், பக்கவாதம் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தப்போக்குதான் கூடியது. ஏற்கெனவே அடைப்பு வந்தவருக்குக் காவல், வராதவருக்குப் பெரும்பாலும் வீண் செலவும் வயிற்றுப்புண்ணும்.

இன்னொரு பெயர் இதைவிட மோசம்: 'ரத்தக்கட்டியைக் கரைக்கும் மாத்திரை'. இது எதையும் கரைக்காது, புதுசாக ஒட்டுவதைத்தான் தடுக்கும். கரைக்கும் என்று நம்பினால் என்ன ஆகும்? வாய் கோணியதும் வீட்டிலேயே ரெண்டு ஆஸ்பிரின் போடத் தோன்றும். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டேட்டின் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அதைக் கேள்விப்பட்டு பக்கவாதத்துக்கும் அதே வழி என்று நினைக்கக் கூடாது. பக்கவாதம் அடைப்பாலும் வரும், குழாய் வெடித்தும் வரும். வெளியே பார்த்தால் ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிடி ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கேடு. அதனால் 108-ஐக் கூப்பிட்டு, அறிகுறி ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போவதுதான் வேலை. கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

நம் கட்டுரைகள் சொல்லாமல் விடுவது காலக்கணக்கு. லேசான பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்துச் சில வாரம் தருவது உண்டு. சீனாவில் 5,170 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் முதல் 21 நாள் ரெண்டும், பிறகு ஒன்று மட்டும். 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வருவது 11.7 சதவீதத்திலிருந்து 8.2-ஆகக் குறைந்தது. ஆனால் ரெண்டையும் வருஷக்கணக்காக இழுத்தால் லாபம் நிற்கிறது, ரத்தப்போக்கு கூடுகிறது. நம்ம ஊரில் என்ன நடக்கிறது? டிஸ்சார்ஜ் சீட்டை மருந்துக்கடை அண்ணாச்சியிடம் மாசாமாசம் நீட்டுகிறோம், அவரும் அதே ரெண்டையும் தருகிறார். எந்த மாத்திரை எந்தத் தேதி வரைக்கும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குவது நம் பொறுப்பு. முட்டுவலிக்கு டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து ஏறுகிறது. மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஸ்பிரின்ட் இந்தியா என்று ஒரு ஆய்வு, 2023-இல் வெளியானது. நாடு முழுக்க 31 மையங்களில் 4,298 பக்கவாத நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு 12 மொழிகளில் குறுஞ்செய்தி, காணொளி, கையேடு எல்லாம் கொடுத்தார்கள். மாத்திரை ஒழுங்காக எடுப்பது கொஞ்சம் கூடியது. மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை. வெறும் சொல்லுக்கு எவ்வளவு வலு என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. ஆனாலும் நல்ல சொல்லால் குறைவாகத்தான் ஆகும் என்பதற்காகக் கெட்ட சொல்லை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாற்றுப் பெயருக்கு அகராதியைத் தேட வேண்டாம். 2012-இல் டெங்கு நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது 'பிளேட்லெட்' என்ற சொல் கடையநல்லூரிலிருந்து கடற்கரை வரை எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. எழுத்துப் படிக்காத ஆச்சி கூட "பிளேட்லெட்டு எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். 'பிளேட்லெட் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை' என்று சொன்னால் புரியாத ஆள் இங்கே குறைவு.

அன்றைக்கே மாமாவின் டாக்டருக்குப் போன் போட்டோம். உடனே மாத்திரையை ஆரம்பிக்கச் சொன்னார், பல்லுக்காக நிறுத்த வேண்டாம், பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். மறு வாரம் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தார், நின்றுவிட்டது.

வரும்போது அவர் மாத்திரை டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன்: 'இது பிளேட்லெட் ஒட்டாம இருக்க. டாக்டர் சொல்லாம நிப்பாட்டக் கூடாது.' கீழே அத்தை தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'கீரை சாப்பிடலாம்.'