தலைகொண்டவர்களும் நிலம் இழந்தவர்களும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வெளியானது. அதன் பிறகு கொஞ்ச காலம், துறையூரிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் வரும் பஸ்ஸில்கூட சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் சாவைப் பற்றிய வாக்குவாதம் காதில் விழுந்தது. “புத்தகத்துல யாரு குத்துனாங்கன்னே தெரியாதுய்யா, ஒரே இருட்டு” என்பார் ஒருவர். “படத்துலதான் தெளிவா காட்டிட்டாங்களே, அப்புறம் என்ன?” என்பார் பக்கத்தில் இருப்பவர். பின்சீட்டு இளைஞர்களின் குறை வேறு. ‘ரோம்’, ‘ஸ்பார்ட்டகஸ்’ தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். “இவ்ளோ பெரிய சோழர் கதை, ஒரு சொட்டு ரத்தம் தெறிக்கல” என்பது அவர்கள் வழக்கு.

இந்த விவாதத்தைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கதையில் வரும் பழுவேட்டரையர்களின் கீழையூர் இரட்டைக் கோயிலும் வானதி பிறந்த கொடும்பாளூரின் மூவர் கோயிலும் திருச்சிக்காரர்கள் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. இந்தக் கதையின் வன்முறை நம் மண்ணில் நடந்த வன்முறை. அதைத் திரை எப்படிக் காட்டியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் தவறான அளவுகோலை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் ரத்தம் போதாது என்ற குற்றச்சாட்டு. ‘ஸ்பார்ட்டகஸ்’ தொடரில் (2010–2013) ரத்தம் திரையையே நனைக்கிறது. ஒவ்வொரு வெட்டும் மெதுவாக ஓட்டிக் காட்டப்படுகிறது. பத்தாவது சாவுக்குப் பிறகு யார் செத்தார் என்பதே மனதில் நிற்பதில்லை. அடிமைகளைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்த ரோமானியக் கூட்டத்தின் கண்ணையே அந்தத் தொடர் நமக்கும் கொடுத்துவிடுகிறது. எச்.பி.ஓ.வும் பி.பி.சி.யும் சேர்ந்து எடுத்த ‘ரோம்’ (2005–2007) அப்படியில்லை. சீசரின் உடலில் 23 காயங்கள் இருந்ததாகச் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கொலையைத் தொடர் அலங்கோலமாக, தடுமாறும் கைகளோடு காட்டுகிறது. வீரம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. சீசரின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வொரேனஸ், தன் மனைவியைப் பற்றிய ஒரு ரகசியம் காதில் ஓதப்பட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறான். ஒரு முன்னாள் படைவீரனின் வீட்டுத் துயரமும் ஒரு பேரரசின் தலைவிதியும் அங்கே ஒன்றாக முடிச்சுப் போடப்படுகின்றன.

அதோடு அந்தத் தொடர் நிற்கவில்லை. கி.மு. 43-இல் ஆன்டனியும் ஆக்டேவியனும் லெப்பிடஸும் எதிரிகளின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டார்கள். பட்டியலில் இருந்தவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். அவன் சொத்து பறிமுதல். சிசரோவின் தலையும் கைகளும் பொதுமன்றத்தில் வைக்கப்பட்டன. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டியிருந்ததும் இந்தக் கொலைகளுக்கு ஒரு காரணம். தொடர் இதையும் தொட்டுச் செல்கிறது. வன்முறைக் கதைக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: கத்தி இறங்கிய பிறகு யார் எதை இழந்தார், யார் எதை எடுத்துக்கொண்டார் என்று அந்தக் கதை சொல்கிறதா?

இந்தச் சோதனையில் மணிரத்னத்தின் படம் ஓரிடத்தில் உயர்ந்து நிற்கிறது. பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை வெட்டியதைக் கரிகாலன் நினைத்துச் சொல்லும் காட்சி அது. வெட்டைவிட, அவன் காதலித்த நந்தினியின் கெஞ்சல்தான் நமக்குள் தங்குகிறது. கரிகாலனாக நடித்த விக்ரமின் குரலில் வெற்றியின் சாயலே இல்லை. போரில் வென்றவன் தன் வாளாலேயே உள்ளுக்குள் சிதைந்துபோனது அந்தக் குரலில் தெரிகிறது. ரத்தம் தெறிக்கவில்லை என்று குறைப்பட்டவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சரித்திரப் படங்களில் ஒரு வெற்றி இவ்வளவு பாரமாகக் காட்டப்பட்டது அரிது.

ஆனால் அங்கேயே ஒரு நழுவலும் தொடங்குகிறது. ஆதித்த கரிகாலனுக்குப் ‘பாண்டியன் தலைகொண்ட’ என்ற பட்டம் இருந்தது பலருக்குத் தெரியும். அவன் வெட்டிய வீரபாண்டியனும் அதற்கு முன்பே ‘சோழன் தலைகொண்ட’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். எதிரியின் தலையைப் பெயருக்கு முன் அணிந்துகொள்வது இரண்டு அரசுகளுக்கும் பெருமையாக இருந்தது. ஆக, அது ஒரு அரச வழக்கம். படம் அதை ஒரு காதலனின் பொறாமையாகச் சுருக்கிவிட்டது.

இரண்டாம் பாகத்தில் நழுவல் முழுதாகிறது. கடம்பூர் மாளிகையில் நந்தினி குத்தத் தயங்க, கரிகாலன் அவள் கையிலிருக்கும் கத்தியைத் தானே தன் உடலில் ஏற்றுக்கொள்கிறான். நடிப்பும் ஒளிப்பதிவும் சேர்ந்து நம்மைக் கலங்க வைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு பட்டத்து இளவரசனின் கொலை அங்கே ஏறக்குறையத் தற்கொலையாகிறது. கொலையாளி இல்லாத கொலையால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று கேட்க இடமே இல்லை.

வரலாறு அந்தக் கேள்வியை அப்படி விட்டுவிடவில்லை. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு வெட்டப்பட்டது அது. சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற ரவிதாசன், இருமுடிசோழ பிரமாதிராஜன் என்ற பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய நிலம் மட்டும் போகவில்லை. பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள் என்று உறவு முறை சொல்லிச் சொல்லி நிலம் பறிக்கப்படுகிறது. ரோமின் பெயர்ப்பட்டியலுக்கு நம்மிடம் இதைவிட நெருங்கிய உவமை இல்லை.

பட்டங்களையும் பாருங்கள். ‘பஞ்சவன்’ பாண்டியனைக் குறிப்பது. ‘இருமுடிசோழ’ என்பதோ சோழப் பட்டம். அந்தணர்களான உயர் அதிகாரிகள் பெற்ற பெயர் பிரமாதிராஜன். இவர்களின் நிலமும் சோழ நாட்டின் நடுவே, வீரநாராயண சதுர்வேதிமங்கலத்தில் இருந்தது. கொலை அரசு இயந்திரத்துக்கு உள்ளிருந்தே வந்திருக்கலாம் என்ற ஐயம் அதனால்தான் எழுகிறது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் சந்தேகம், பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழன் வரை போனது. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. தீராத வழக்குதான். ஆனால் நாவலும் படமும் ரவிதாசனைப் பாண்டிய மன்னனின் உயிர்க்காவலனான ஆபத்துதவியாக்கி, குற்றத்தை நாட்டுக்கு வெளியே தள்ளி வழக்கை முடித்துவிட்டன.

“கல்கி எழுதியபடி எடுக்கவில்லை” என்று வருந்துவோருக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. இந்த முக்கியமான விஷயத்தில் படம், நாவலை எழுதிய கல்கிக்கு முழு விசுவாசமாகவே நடந்துகொண்டது. சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியத்தை விட்டதும், நாவலில் இல்லாத ராஷ்டிரகூடப் போரைக் கடைசியில் சேர்த்ததும் மேல்மட்ட மாற்றங்கள். அரியணையை விட்டுக்கொடுக்கும் தியாகமே உச்சம் என்ற கல்கியின் பார்வை அப்படியே நிற்கிறது. 1950இல், விடுதலை பெற்ற மூன்றாம் ஆண்டில், தொடர்கதையைத் தொடங்கியவருக்கு அந்தப் பார்வை தேவைப்பட்டிருக்கும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2023இல் படத்தை வெளியிட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு: மனித மனத்தின் சிதைவைக் காட்டும் கதையாக ‘பொன்னியின் செல்வன்’ ‘ஸ்பார்ட்டகஸ்’ தொடரைவிடப் பல படி மேல். அரசின் வன்முறையைக் காட்டும் கதையாக ‘ரோம்’ தொடருக்குக் கீழே, அதுவும் கணிசமாகக் கீழே. ரத்தக் குறைவு இதற்குக் காரணமில்லை, நாவலிலிருந்து விலகியதும் காரணமில்லை. கொலைக்குப் பிந்தைய கணக்கைத் திறக்கப் படம் மறுத்ததுதான் காரணம். இன்னொருவர் இதே கொலையைத் தொடராக எடுக்கத் துணிந்தால், கதையைக் கடம்பூர் மாளிகையில் முடிக்காமல், நிலப் பறிப்பு ஆணை வந்து சேர்ந்த வீரநாராயண சதுர்வேதிமங்கலத்துச் சபையிலிருந்து தொடங்கட்டும்.